உள்ளே கிரியை செய்கிற வல்லமை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் வல்லமையைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: புது வருஷ ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "நாம் வேண்டிக்கொள்ளுகிறதற்கும் நினைக்கிறதற்கும் மிகவும் அதிகமாய்ச் செய்ய வல்லவர், எபேசியர் 3:20" என்று இருந்தது. சந்தோஷமாக ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். ஏப்ரலில் கணவருக்கு வேலை போய்விட்டது. மகனுக்கு இரண்டாவது தடவையும் நீட்டில் மார்க் வரவில்லை. எதிர் வீட்டுப் பாட்டிக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவருகிறேன், அதை மட்டும் நிறுத்த மனசு வரவில்லை, மற்ற செலவெல்லாம் குறைத்தாயிற்று. அதிகமாய்க்கூட வேண்டாம் ஐயா, கேட்ட அளவுக்காவது செய்யக்கூடாதா? – ஒரு சகோதரி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. இப்படிக் கேட்டதற்காக மனசாட்சி உறுத்துகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உறுத்தவே வேண்டாம். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் இதைவிடக் காரமான கேள்விகள் இருக்கின்றன, அவற்றை நாம் சபையில் பாடவும் செய்கிறோம்.

இனி அந்த அட்டை. வசனத்தின் நடுவில் இருந்த ஒரு துண்டு அதில் விட்டுப்போயிருக்கிறது, இடம் போதவில்லையோ என்னவோ. "நமக்குள்ளே கிரியைசெய்கிற வல்லமையின்படியே" என்பதுதான் அந்தத் துண்டு. அதை எடுத்துவிட்டால் மீதி வசனம், வெளியே எங்கிருந்தோ வந்து நம் லிஸ்டில் உள்ளதை ஒவ்வொன்றாக டிக் அடித்துத் தருகிற ஒரு சக்தியைப் பற்றிப் பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது. எபேசு சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் பேசுவது அதைப் பற்றி இல்லை. நாலு வசனம் மேலே போய் 16லிருந்து வாசித்துப் பாருங்கள், அவர் எபேசு சபைக்காக என்ன கேட்கிறார் என்று தெரியும்: உள்ளான மனுஷனில் பலப்படவேண்டும், கிறிஸ்து இருதயங்களில் வாசமாயிருக்கவேண்டும், அவருடைய அன்பின் அகலம் நீளம் ஆழம் உயரம் புரியவேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான், இதற்கும் மேலே அவர் செய்வார் என்று முடிக்கிறார்.

அதை எங்கே இருந்து எழுதினார் என்பதையும் பாருங்கள். அதே 3ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே கட்டுண்டவன் என்று சொல்லிக்கொள்கிறார். ரோமாபுரியில் காவலில் இருந்த காலம், ஏறக்குறைய கி.பி. 60–62 என்பது பழைய வழக்கு. கடைசி அதிகாரத்தில் "எனக்காகவும் ஜெபியுங்கள்" என்கிறாரே, அங்கேயாவது இந்தச் சங்கிலி கழல ஜெபியுங்கள் என்று கேட்டிருக்கலாம், தப்பே இல்லை, பேதுருவுக்குச் சபை அப்படித்தான் ஜெபித்தது, சங்கிலியும் கழன்று விழுந்தது. ஆனால் இவர் கேட்பது, சங்கிலியோடு இருந்தபடியே தைரியமாய்ப் பேச வாய் திறக்கவேண்டும் என்று. கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுப்பின அதே வல்லமைதான் நமக்குள் வேலை செய்கிறது என்று முதல் அதிகாரத்தில் எழுதிய கையில்தான் விலங்கு இருந்தது.

உடனே, "அப்படியானால் வேலை, படிப்பு இதெல்லாம் தேவனுக்குப் பெரிசில்லையா" என்று கேட்பீர்கள். பெரிசுதான். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவரே இயேசுதான். கணவருக்கு வேலை கேளுங்கள், விடாமல் கேளுங்கள், கூடவே சபையில் நாலு பேரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், ஏனென்றால் நம் சபைகளில் ஜெபக் குறிப்பு கொடுப்பார்களே தவிர "வேலை இருந்தால் சொல்லுங்கள் பிரதர்" என்று கேட்க வெட்கப்படுவார்கள். மகனிடம் மட்டும் தயவுசெய்து அந்த அட்டையைக் காட்டி, விசுவாசம் இருந்தால் மூன்றாவது தடவை கிடைக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். தோற்ற பிள்ளைக்கு விசுவாசக் குறைவு என்ற பழியும் சேர்ந்துவிடும். நீட் இல்லாத படிப்புகளைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேசலாம்.

அப்புறம் அந்தப் பாட்டி. போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். வீட்டில் வருமானம் நின்ற பிறகும் எதிர் வீட்டுக்குச் சோறு போகிறது, நிறுத்த மனசு வரவில்லை. அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? வல்லமை எங்கே என்று கேட்டிருந்தீர்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் ஓர் ஊழியர் ஜெபித்த துணி என்று கைக்குட்டை அளவில் கொடுக்கிறார்கள், 500 ரூபாய் காணிக்கை. தலையணைக்கு அடியில் வைத்தால் வல்லமை இறங்கும் என்கிறார்கள். கேட்டால் அப்போஸ்தலர் 19:12ஐக் காட்டுகிறார்கள். அங்கே பவுலின் உறுமால்களால், அதாவது கைக்குட்டைகளால், வியாதி நீங்கியது உண்மைதானே? – தூத்துக்குடி

பதில்: உண்மைதான். ஆனால் வேத பாடத்தில் ஒரு வசனத்தோடு நிறுத்தக்கூடாது, அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தால் துணி கொடுப்பவர்களுக்கே சங்கடமாகிவிடும்.

அது நடந்த ஊர் எபேசு. இன்றைக்குத் துருக்கியில் செல்ச்சுக் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடிபாடுகளாக இருக்கிறது. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றான தியானாள் கோவில் அங்கேதான் இருந்தது, இப்போது நிமிர்ந்து நிற்பது ஒரே ஒரு தூண். மந்திரத்துக்குப் பேர்போன ஊர் அது. "எபேசிய எழுத்துகள்" என்றே சில மந்திரச் சொற்களுக்குப் பெயர், அவற்றை எழுதி உடம்பில் கட்டிக்கொள்வார்கள், ஆபத்து வந்தால் உச்சரிப்பார்கள். நம்மூர் தாயத்து, மந்திரித்த கயிறு எல்லாம் உங்களுக்குத் தெரியும், விளக்கவேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஸ்கேவா என்பவனுடைய ஏழு குமாரர்கள் இயேசுவின் நாமத்தையும் ஒரு மந்திரமாக எடுத்து உபயோகித்துப் பார்த்தார்கள். பொல்லாத ஆவி, "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்டு அவர்களை அடித்து, காயத்தோடு, உடம்பில் துணியில்லாமல் ஓடவிட்டது. துணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் துணியில்லாத கதையைச் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். விசுவாசிகளானவர்கள் தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்பாகவும் எரித்தார்கள், கிரயம் 50,000 வெள்ளிக்காசு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா கணக்குக் கொடுக்கிறார். ஒரு காசை ஒரு கூலியாளின் நாள் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 130 வருஷத்துக்கு மேல் லீவே எடுக்காமல் உழைக்கவேண்டிய தொகை. விற்றுச் சபைக் கட்டட நிதியில் சேர்க்கலாம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கையில் பிடித்துக்கொள்கிற, காசு கொடுத்து வாங்குகிற வல்லமை எது என்று நன்றாகத் தெரிந்த ஜனங்கள் அவர்கள், அதை நெருப்பில் போட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பவுல் பிற்பாடு கடிதம் எழுதி, வல்லமை வல்லமை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஆனால் ஒரு மந்திரச் சொல்கூட, கட்டிக்கொள்ள ஒரு நூல்கூடக் கொடுக்கவில்லை. இருதயத்தில் கிறிஸ்து வாசமாயிருக்கிறார் என்கிறார், அவ்வளவுதான்.

உறுமால் விஷயத்தில் 11ஆம் வசனம் "தேவன் ... விசேஷித்த அற்புதங்களை" செய்தார் என்கிறது. தினமும் நடக்கிறதற்கு விசேஷித்த என்ற பேர் எதற்கு? விலை பேசினதாகவும் இல்லை. தேவனுடைய வரத்துக்குப் பணம் நீட்டிய மாயவித்தைக்காரன் சீமோனிடம் பேதுரு என்ன சொன்னார் என்று அதே புத்தகத்தில் 8:20ல் இருக்கிறது, அது கொஞ்சம் கடுமையான வார்த்தை, நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். தாயத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஜெபத் துணியை வைத்தால் என்ன மாறியது? 500 ரூபாயை வேறு நல்ல காரியத்துக்கு வையுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் வாலிபர் கூட்டத்தில் எல்லாருக்கும் அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து தெரியாத மொழியில் பேசுவது) வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. உபவாசம் இருந்து காத்திருந்தும் பார்த்தேன். "உனக்கு இன்னும் வல்லமை வரவில்லை, ஏதோ பாவம் தடுக்கிறது" என்கிறார்கள். ஒரு தடவை சும்மா வாயில் வந்ததைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. – கோயம்புத்தூர்

பதில்: தம்பி, சொல்லிவிடாமல் இருந்தாயே, அதுவே பெரிசு. நடிக்காமல் இருக்க அந்தக் கூட்டத்தில் எவ்வளவு பெலன் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்நிய பாஷை வரத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அதை உண்மையாய்ப் பெற்றவர்கள் பலரை மதிக்கிறேன். இந்த விஷயத்தில் சபைக்குச் சபை உபதேசம் வேறுபடும், உன் பாஸ்டரோடு சண்டை மூட்டிவிடவும் எனக்கு ஆசையில்லை. ஆனால் "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா" என்று 1 கொரிந்தியர் 12ல் பவுல் கேட்கிற கேள்விக்கு, இல்லை என்பதுதான் அவர் எதிர்பார்க்கிற பதில். விசுவாசித்தபோதே ஆவியால் முத்திரை போடப்பட்டீர்கள் என்று எபேசியர் 1:13 சொல்கிறது, முத்திரை யார் மேலே என்று பார், விசுவாசித்தவர்கள் எல்லார் மேலேயும். அப்போஸ்தலர் 1:8ல் பெலன் எதற்கு என்றால் சாட்சியாயிருக்க. உன் ஹாஸ்டலில் உன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், கேன்டீன் அண்ணனிடம் எப்படிப் பேசுகிறாய், இதெல்லாமும் அந்தக் கணக்கில் வரும். காத்திருப்பதை நிறுத்தவேண்டாம், குற்ற உணர்ச்சியை நிறுத்து.

கேள்வி: அம்மாவுக்கு 20 வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். ஜெபத்துக்கு வந்தவர், "தேவ வல்லமைக்கு எல்லையில்லை, ஊசியை நிறுத்துவதுதான் விசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா நிறுத்த நினைக்கிறார். – நாகர்கோவில்

பதில்: நிறுத்தக்கூடாது. இதை வாசித்ததும் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடவேண்டாம், உயிருக்கே ஆபத்து. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுத்த தேவன்தான், ஏசாயா மூலமாக அவருடைய பிளவைமேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னார். லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு என்ன எழுதினார் என்று 1 தீமோத்தேயு 5:23ல் பாருங்கள். சொல்லிவிட்டுப் போனவருக்கு நாளைக்கு அம்மாவை ஐசியுவில் சேர்க்கும்போது பொறுப்பு இருக்காது. உங்கள் சபைப் போதகரிடம் இதைக் கட்டாயம் தெரிவியுங்கள், அடுத்த வீட்டிலும் அவர் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

கேள்வி: விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருஷமாகிறது. எத்தனையோ கூட்டங்களில் என்னை மேடைக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஜெபித்தார்கள். சுகமாகவில்லை. இப்போது கூட்டத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது, அவர்களுடைய விசுவாசத்துக்கு நான் ஒரு கெட்ட சாட்சி மாதிரி. என்னிடம்தான் குறையா? – ராணிப்பேட்டை

பதில்: உங்களிடம் குறையில்லை. உங்களை மேடையில் வைத்துவிட்டு, நடக்கவில்லை என்றதும் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் கூச்சப்படவேண்டும். பவுலின் உறுமால் பட்டு யார் யாரோ சுகமானார்கள், அதே பவுல் தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார், விளக்கம்கூடச் சொல்லவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தடவை கேட்டார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்". யாராவது பவுலிடம் போய் விசுவாசம் பத்தவில்லை என்று சொல்வார்களா?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேலூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர், 1925ல் கொச்சிப் பக்கத்தில் பிறந்தவர், வேலூர் சிஎம்சியில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1954ல் கார் விபத்து, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. ஜெபிக்க ஆளில்லாத இடமா அது? சுற்றிலும் ஜெபிக்கிற டாக்டர்கள், நர்சுகள். கால் வரவில்லை. அப்போது அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் பால் பிராண்ட். கை ஆப்பரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் மேரியை அதில் இறக்கினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் அந்த விரல்களை நிமிர்த்தினார். அதோடு நிற்கவில்லை, நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966ல் வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது, முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மறுபடி குளிக்க, உடுத்த, சம்பாதிக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிற இடம். 1972ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986ல் இறந்தார், அதுவரைக்கும் கால் குணமாகவே இல்லை.

இதைச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது, "அவங்க சாதிச்சாங்க பாரு, நீயும் சாதி" என்று உங்கள் தலையில் இன்னொரு பாரத்தை வைப்பதாக ஆகிவிடக்கூடாது. அதற்காகச் சொல்லவில்லை. சுகமாவது ஒன்றுதான் வல்லமை என்று உங்களை மேடைக்குத் தூக்கினவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அந்தக் கணக்கில் மேரி வர்கீஸுக்கு எதுவுமே நடக்கவில்லை. அப்படி யாராவது சொன்னால், வேலூரில் விரல் நிமிர்ந்தவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

நடைமுறையாக ஒன்று: பாகாயம் மையத்துக்கு இதுவரை போகவில்லை என்றால் ஒரு தடவை போய்க் காட்டுங்கள், ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று விடவேண்டாம், படுக்கைப்புண், சிறுநீர்ப் பிரச்சினை போன்றவற்றுக்கே நிறைய உதவி கிடைக்கும். உங்கள் சபையில் சக்கர நாற்காலி ஏற சாய்வுதளம் இருக்கிறதா? இல்லையென்றால் சபைக் கமிட்டிக்கு நான் கேட்டதாகச் சொல்லுங்கள், மேடைக்குத் தூக்கிய கைகள் கொஞ்சம் சிமெண்டும் குழைக்கட்டும்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷம். குடியை விட்டேன், மறுபடி பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். இப்போது சம்பள நாளென்றால் வீட்டுக்காரி பயப்படுகிறாள். அளவில்லாத வல்லமை எனக்குள் இருந்தால் ஒரு பாட்டிலை ஜெயிக்க முடியாதா? – திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி

பதில்: நேராகக் கேட்டதற்கு நன்றி. உங்களைப் போன்றவர்களுக்கும் எழுதப்பட்டதுதான் எபேசியர் கடிதம். 3ஆம் அதிகாரம் அவ்வளவு உயரத்தில் முடிகிறது, ஆமென் போட்டாயிற்று, அடுத்து ஏதோ பரலோக தரிசனம் வரும் என்று பார்த்தால், பொய் சொல்லாதே, கோபத்தோடு சூரியன் அஸ்தமிக்கவேண்டாம், திருடினவன் இனித் திருடாமல் கையால் வேலை செய்யட்டும், மதுபான வெறி கொள்ளாதே என்று வருகிறது. அந்தச் சபையில் திருடினவர்கள், குடித்தவர்கள், கையை நீட்டியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாம் போய்விட்டது என்றால் கடிதத்தில் எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

சிலருக்கு அந்த ஆசையே ஒரே ராத்திரியில் போய்விடுகிறது, அவர்கள்தான் சாட்சி சொல்ல மேடையில் ஏறுகிறார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொரு நாளாகத்தான் போகிறது, அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. இரண்டும் தேவ வல்லமைதான். பிலிப்பியர் 2ல் "பிரயாசப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். அவர் செய்கிறார் என்பதால் நீங்கள் சும்மா இருக்கலாம் என்று அங்கே இல்லை.

அதனால் பிரயாசத்தைச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, அங்கே போவது விசுவாசத்துக்கு அவமானம் இல்லை, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு சொன்னதை நம் சபைகளைவிட அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். சம்பளம் மனைவியின் வங்கிக் கணக்கில் விழும்படி செய்யுங்கள். அப்புறம், அவர் ஏன் பயப்படுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அடி விழுகிறது என்றால், நீங்கள் தெளிகிறவரைக்கும் அவர் அம்மா வீட்டில் இருப்பதற்கு நீங்களே சம்மதியுங்கள், விசுவாசியான மனைவி என்றால் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று யாராவது அவரிடம் சொன்னால் அதை நம்பவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் வெள்ளிக்கிழமை இரவு ஜெபம், ஸ்பீக்கர் வைத்து 11 மணி வரை. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள், அவள் அப்பா அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார். சத்தமாக ஜெபித்தால்தானே வல்லமை இறங்கும், எதிர்ப்பு வந்தாலும் நிற்கவேண்டாமா? – அம்பத்தூர்

பதில்: கர்மேல் மலையில் உரத்த சத்தமாய்க் கூப்பிடுங்கள் என்று எலியா யாரிடம் சொன்னார்? பாகாலின் தீர்க்கதரிசிகளிடம், அதுவும் கேலியாக. அவருடைய சொந்த ஜெபம் இரண்டே வசனம், அக்கினி இறங்கியது. அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், சாமுவேல் பிறந்தான். இது எதிர்ப்பு இல்லை பிரதர், பரீட்சை. ஸ்பீக்கரை இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள், ஜெபத்தை ஏழு மணிக்கு மாற்றுங்கள், அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேளுங்கள். அவர் நாலு வார்த்தை திட்டினாலும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.